காணேல்லை எண்டு சொல்லும்

குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் போகும் காலை பஸ்ஸில், என்னுடன் வேலை செய்த அக்கா இறுப்பிட்டியில் ஏறுவார். நான் அதே தீவின் மறுகோடியில், மடத்துவெளியில் ஏறுவேன். அதற்குள் பஸ் நயினாதீவுக் கோயிலில் நேர்த்திக்கடன் முடித்துத் திரும்பும் சனத்தால் நிரம்பிவிடும். ஒருநாள் நான் ஏறியதும் கொண்டக்டர், "சீற் ஒண்டும் இல்லை, உள்ளுக்குப் போங்கோ" என்று கத்தினான். நடுவில் இருந்த அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, கடைசி வரைக்கும் போய்ப் பாத்தனீரோ?"

"இல்லை அக்கா, இஞ்சயிருந்து பாக்கவே தெரியுது."

"பின்னாலை ஆரோ ஒரு சீற்றிலை பிலாப்பழத்தை வைச்சுக்கொண்டு இருக்கினம். இல்லை எண்டு சொல்லாதேயும். காணேல்லை எண்டு சொல்லும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பகிடிக்காக அவர் அதைச் சொல்லவுமில்லை. பழத்தைக் கீழே இறக்கி வைக்கச் செய்து என்னை அந்த இடத்தில் இருத்தும்வரை விடவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே இடத்துக்குத்தான் வேலைக்குப் போனோம். பல்கலைக்கழகமொன்றின் விலங்கியல் துறையில் நான் தகுதிகாண் விரிவுரையாளர், அவர் தொழினுட்ப உத்தியோகத்தர். வயதில் என்னைவிட ஏழு வருடம் மூத்தவர், பதவியில் எனக்குக் கீழே. இந்தச் சிக்கலை அவர் தன் பாட்டில் தீர்த்து வைத்திருந்தார். பஸ்ஸில் நான் "நீர்". துறையின் வாசற்படியில் கால் வைத்ததும் "மிஸ், நீங்கள்". பின்னேரம் திரும்பிப் பஸ் ஏறியதும் மறுபடி "நீர்". நான் எங்கும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

எங்கள் பேராசிரியர் வெளிநாட்டில் படித்துத் திரும்பியபோது ஒரு பொக்கிஷத்தைக் கொண்டுவந்திருந்தார். தூர கிழக்குக் காடுகளில் வாழும் ஒருவகை வாலில்லாக் குரங்கின் இரத்தக் கலங்கள். சின்னக் குப்பிகளில் பதப்படுத்தி, டீப் பிறீசரில் வைத்திருந்தது. அவற்றின் நிறமூர்த்தங்களைப் பார்ப்பதுதான் என் ஆய்வு. குரோமோசோம் என்று மற்றவர்கள் சொல்வதைத்தான் எங்கள் பாடப்புத்தகங்கள் நிறமூர்த்தம் என்று சொல்லும், செல்லைக் கலம் என்று சொல்லும். நான் தேடியது அவற்றில் உள்ள ஒருவகை ஜீனை மட்டும். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் புரதம் செய்யும் நுண்ணிய பட்டறைகள் ஆயிரக்கணக்கில் உண்டு, இறைபோசோம் என்று பெயர். அந்தப் பட்டறைகளைக் கட்டுவதற்கான ஜீன்கள் சில நிறமூர்த்தங்களில் கூட்டங் கூட்டமாக இருக்கும். மனிதரில் பத்து நிறமூர்த்தங்களில் இருக்கின்றன. இருப்பவை எல்லாம் வேலை செய்வதில்லை. சிலவற்றை உடல் மூடி வைத்திருக்கும்.

இவற்றைக் காட்டும் பழைய முறை வெள்ளி நைத்திரேற்றுச் சாயம். கண்ணாடித் தகட்டில் கலங்களைச் சொட்டி, சாயத்தை விட்டுச் சூடாக்கினால், தகடு தேன் நிறத்துக்கு வரும். அந்த ஜீன்கள் வேலை செய்த இடங்களில் மட்டும் கறுப்புப் புள்ளி விழும். ஒரு கணம் பிந்தினால் தகடு முழுவதும் கறுத்துக் கெட்டுவிடும். அந்தக் கணத்தைப் பிடிக்க எங்கள் துறையில் அக்கா ஒருவரால்தான் முடிந்தது. என் ஆய்வேட்டில் உள்ள படங்களில் ஒன்றுகூட என் கையால் வந்ததில்லை.

கையுறைக்குள்ளும் அந்தச் சாயம் எப்படியோ புகுந்துவிடும். அவருடைய விரல் நுனிகள் எந்நாளும் கறுத்திருந்தன. கலியாண வீடுகளில் அவர் கையால் வெற்றிலைத் தட்டம் நீட்டினால் சிலர் வாங்கத் தயங்கியதைக் கண்டிருக்கிறேன். "என்ன வருத்தம் பிள்ளை?" என்று ஒரு கிழவி ஏதோ தோல்நோயென்று நினைத்துக் கேட்டாள். "வருத்தமில்லை ஆச்சி, வெள்ளி" என்றார். கிழவிக்கு விளங்கவில்லை. மோதிரம் ஒன்றும் போடாத விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். சுவிஸில் இருக்கும் ஒருவருக்குப் பேசி, எல்லாம் பொருந்தி, வேலணையிலிருந்து மாப்பிள்ளையின் தாயும் மாமியும் வீட்டுக்கு வந்தார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டே தாய்க்காரி, "உங்கட பகுதியிலை மனவருத்தம், விசர்க்குணம் எண்டு ஒருத்தருக்கும் இல்லைத்தானே?" என்று கேட்டாள். எல்லா வீட்டிலும் கேட்பதுதான். எல்லா வீட்டிலும் இல்லை என்பார்கள். அவர்களுடைய அம்மாவும் இல்லை என்றார்.

"அம்மா, பெரியப்பாவைச் சொல்லேல்லை" என்றார் அக்கா.

அவர்களுடைய தகப்பனின் தமையன் கடைசிப் பத்து வருடம் ஒருவருடனும் ஒரு சொல் கதைக்காமல் அறைக்குள் இருந்து செத்தவர். ஒரு டொக்டரும் பார்க்கவில்லை. "அது வருத்தம் எண்டும் சொல்ல ஏலாது, வருத்தம் இல்லை எண்டும் சொல்ல ஏலாது" என்று அக்கா வந்தவர்களுக்கு விளக்கியிருக்கிறார். அவர்கள் தேத்தண்ணியை முடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. அன்றிலிருந்து தங்கை அவருடன் கதைப்பதில்லை.

இதை அவரே எனக்குச் சொன்னார். பஸ் யன்னலால் பண்ணைக் கடலைப் பார்த்தபடி, "நான் செய்தது பிழையோ?" என்று கேட்டார்.

"நீங்கள் செய்ததுதான் சரி அக்கா. உண்மையைச் சொன்னதுக்கு உடைஞ்சுபோற சம்பந்தம் உடையட்டும்."

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! உடைந்தது என்னுடைய சம்பந்தமில்லையே.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. ஒருநாளில் பாதிக்குமேல் மின்சாரம் இல்லை. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை, பஸ்ஸுக்கும் இல்லை. துறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டில் இருந்தோம். பிறீசரில் குரங்கின் கலங்கள் இருந்தன. அவை போனால் என் ஆய்வும் போகும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே வீட்டில் இருந்து மழைக்கு வேண்டுவதுபோல மின்சாரத்துக்கு வேண்டிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் பஸ் ஓடத் தொடங்கியதும் துறைக்குப் போனேன். உள்ளே மீன் மணத்தது. பிறீசரைத் திறந்தால் மீன்காரர் கொண்டுதிரியும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்று உள்ளே இருந்தது. அதற்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவில் பொலித்தீனில் சுற்றிய குப்பிகள். துறையின் சாவி ஒன்று அக்காவிடம் இருந்தது, சைக்கிளில் கொண்டுவந்திருக்கிறார். குறிகட்டுவான் இறங்குதுறையில் மீனுக்கு வரும் ஐஸைக் கேட்டு வாங்கி, பின்கரியரில் கட்டி, அந்த வெயிலில், இரண்டு கடல்பாலம் தாண்டி, மூன்று நாளும். "வழியிலை பாதி உருகிப்போகும். மற்றப் பாதி போதும்" என்றார். அவருடைய முகமும் கழுத்தும் தோலுரிந்திருந்தன.

பேராசிரியர் வந்து மூக்கைப் பொத்தினார். "இது ஆய்வுகூடமோ மீன்சந்தையோ? முதல்லை அந்தப் பெட்டியை வெளியாலை எடும்."

"கரண்ட் வந்து ரெண்டு மணித்தியாலம் போகட்டும் சேர். பிறகு எடுக்கிறன்."

எடுத்தார், இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு. நிலத்தையும் தானே கழுவினார்.

அப்படிக் காப்பாற்றிய கலங்களில்தான் எல்லாம் நடந்தது. பெண் குரங்கின் நிறமூர்த்தங்களில் எத்தனை கறுப்புப் புள்ளிகளோ, ஆண் குரங்கிலும் அத்தனையே இருந்தன. ஆணுக்கு மட்டும் உரிய சிறிய நிறமூர்த்தமான 'வை'யில் (Y) புள்ளி விழவேயில்லை. நூற்றுக்கணக்கான கலங்களில் எண்ணிப் பார்த்தோம். பேராசிரியர் முடிவு சொல்லிவிட்டார்: இந்த இனத்தின் வை நிறமூர்த்தத்தில் அந்த ஜீன்கள் இல்லை, பரிணாமத்தில் தொலைந்துபோயின. நான் அதை ஓர் அத்தியாயமாக எழுதினேன்.

நான் தட்டெழுதிய தாளை அக்கா படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"மிஸ், கறுக்கேல்லை எண்டுதானே நாங்கள் கண்டனாங்கள். இல்லை எண்டு எங்கை கண்டனாங்கள்?"

"இருந்தால் கறுக்கும்தானே அக்கா?"

"வேலை செய்தால்தான் கறுக்கும். மூடிக்கிடந்தால் கறுக்காது. இருக்கோ இல்லையோ எண்டு வெள்ளிக்குத் தெரியாது."

வேறொரு ஆய்வில் மிஞ்சிய ஒளிரும் சாயம் கொஞ்சம் இருந்தது. ஜீன் வேலை செய்தாலும் சும்மா கிடந்தாலும் அது போய் ஒட்டிக்கொள்ளும். தன் மதியச் சாப்பாட்டு நேரங்களில் அவர் அதை வைத்துத் தகடுகள் செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை என்னை இருட்டறைக்குக் கூப்பிட்டு, "வடிவாப் பாருங்கோ மிஸ்" என்று நுணுக்குக்காட்டியின் முன் இருத்தினார். நீல நிறமூர்த்தங்கள். சிலவற்றின் நுனியில் பச்சைப் பொட்டுகள். அந்தச் சின்ன வையிலும் ஒரு பச்சைப் பொட்டு. பளிச்சென்று, சந்தேகத்துக்கு இடமேயில்லாமல். அடுத்த கலத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது.

"இருக்கு" என்றேன்.

"ஓம். இருக்கு. கதைக்கேல்லை, அவ்வளவுதான்."

அவர் சந்தோசப்பட்டு நான் கண்டது அந்த ஒருமுறைதான். இருட்டில் முகம் தெரியவில்லை, குரலில் தெரிந்தது.

ஆய்வேடு கொடுக்க அப்போது இரண்டு வாரம் இருந்தது. அதைக் கொடுத்துப் பட்டம் எடுத்தால்தான் என் பதவி நிரந்தரமாகும். தவணை ஏற்கெனவே இரண்டு முறை நீடித்தாகிவிட்டது. திங்கட்கிழமை, அந்தத் தகடுகளைப் பற்றி அக்கா சொன்னதும், பேராசிரியர் தன் அறையில் கூட்டம் வைத்தார். அவர், நான், இன்னும் இரண்டு விரிவுரையாளர்கள், அக்கா. அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார். கதிரை இருந்தது, இரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"உம்மட தகைமை என்ன?" என்று பேராசிரியர் தொடங்கினார்.

"டிப்ளோமா சேர்."

"சாயம் கழுவிறது பத்தாட்டி இப்பிடித்தான் கண்ட கண்ட இடமெல்லாம் மினுங்கும். அது தெரியுமோ?"

"தெரியும் சேர். அதாலை ஆறுதரம் கழுவினனான். பெண் குரங்கின்ரை தகட்டையும் பக்கத்திலை வைச்சுப் பாத்தனான். நான் சொல்லுறதை நம்ப வேண்டாம். மிஸ்ஸும் பாத்தவ."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பேராசிரியர் கேட்டார், "நீர் பாத்தனீரோ?"

எனக்கு முன்னால் மேசையில் என் ஆய்வேட்டின் முதற்பிரதி கிடந்தது.

"ஏதோ பச்சையாத் தெரிஞ்சது சேர். ஆனால் நிச்சயமாச் சொல்ல ஏலாது."

அக்காவிடம் கற்ற பேச்சு அது. வடிவாகப் பாராமல் ஒன்றையும் சொல்லக்கூடாது என்று நாலு வருடம் பஸ்ஸில் பக்கத்திலிருந்து பழகிய பேச்சு. அதை எடுத்துத்தான் அவருடைய வாயை அடைத்தேன். பேராசிரியர் சிரித்தார். "பாருங்கோ, அவவே சொல்லுறா, நிச்சயமில்லையாம்."

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேன். நுணுக்குக்காட்டியில் ஒரு தகட்டை வைத்துவிட்டுப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். பிறகு, "சரி சேர்" என்றுவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் எனக்கு வழமைபோல இடம் பிடித்து வைத்திருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "இண்டைக்குச் சனம் குறைவு" என்றேன்.

"ஓம் மிஸ்" என்றார். "யன்னலைச் சாத்தட்டோ? உங்களுக்குக் காத்து ஒத்துவராது எல்லோ."

அதன்பிறகு பஸ்ஸிலும் நான் மிஸ்தான். இடம் பிடித்து வைப்பதை அவர் நிறுத்தவில்லை, நான்தான் அடுத்த பஸ்ஸில் போகத் தொடங்கினேன்.

ஒரு மாதத்துக்குள் அவரைக் கண்ணாடிப் பாத்திரக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். ஆறு மாதம் போத்தல்களைக் கழுவி அடுக்கினார். யாருக்கும் மனு எழுதவில்லை. பிறகு வேலையை விட்டுவிட்டு, வேலணையில் ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பட்டம் கிடைத்தது, பதவி நிரந்தரமானது. பேராசிரியரும் நானும் எழுதிய கட்டுரை வந்தது. ஜீன்கள் இல்லை என்று அச்சில் ஏறியது.

இரண்டு வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு மாணவி மிகப் பணிவாக எழுதினாள். எங்கள் குரங்கையே அவளும் எடுத்து, மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்திருக்கிறாள். வையில் அந்த ஜீன்கள் கூட்டமாக இருக்கின்றன. அவற்றின்மேல் மெதைல் என்ற சின்ன இரசாயனக் கூட்டங்கள் நெருக்கமாக ஏறி, இழை இறுகச் சுருண்டு, வாசிக்க முடியாதபடி மூடிக் கிடக்கின்றன. எங்களுடைய முடிவைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்று கேட்டிருந்தாள்.

கடிதத்தைப் பேராசிரியரிடம் காட்டினேன். மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "அவளுக்கு முந்தியே எங்களுக்குத் தெரியும் எல்லோ. அந்தப் பச்சைப் படங்கள் எங்கை? திகதியோடை போட்டு நாங்களே ஒரு கட்டுரை எழுதுவம்."

துறைக் கணினியில் படங்கள் இல்லை. அழித்துத் துடைத்தாகிவிட்டது. தகடுகள் அக்காவிடம்தான் இருக்கும் என்றேன். போய் வாங்கிவாரும் என்றார். போனேன்.

அது அக்காவுக்கு விடுமுறை நாள், வீட்டில் இருந்தார். தங்கை படலையைத் திறந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்களும் அவ சொன்ன உண்மையாலை கெட்டுப்போன ஆளோ?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். அதுவாவது உண்மை. அவள் எனக்கு மட்டும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அக்கா கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட்டார். "இருங்கோ மிஸ்." அவருடைய விரல் நுனிகள் வெளுத்திருந்தன. முதலில் அது வேறு யாருடையவோ கை என்றே பட்டது. நான் அந்த மாணவியின் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப இருக்கு" என்றார்.

"ஓம் அக்கா. மெதைல் ஏறி மூடிக்கிடக்காம்."

"முழுக்கவோ, பகுதியோ?"

"கிட்டத்தட்ட முழுக்க."

"தகப்பன் குரங்கிட்டை இருந்து மகனுக்கு மூடினபடியே வருதோ, இல்லாட்டி ஒவ்வொரு குட்டியிலையும் திரும்பப் புதுசா மூடுப்படுதோ?"

எனக்குத் தெரியவில்லை. அந்த மாணவியும் அதைப் பார்த்திருக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றவேயில்லை. "அதை எல்லோ முதல் கேக்கோணும்" என்றார். அந்தக் குரலில் பழைய அக்கா ஒரு நொடி வந்து போனார்.

நான் வந்த காரியத்தைச் சொல்லத் தேவைப்படவில்லை. அவரே உள்ளே போய் ஒரு பிஸ்கற் பெட்டியைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு தகடுகள், ஒவ்வொன்றும் பஞ்சில் சுற்றியபடி. படங்கள் உள்ள பென்டிரைவ் ஒன்று. எல்லாவற்றிலும் திகதி.

"உங்கட பேரையும் போடச் சொல்லுறன் அக்கா."

"நீங்கள் சொல்ல மாட்டியள் மிஸ். அதாலை சொல்லுறன் எண்டு சொல்லாதேங்கோ."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஒரு கொப்பித்தாளைக் கிழித்து என் முன் வைத்தார். இன்ன திகதியில், இன்னார் செய்த தகடுகளை நான் பெற்றுக்கொண்டேன் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அவர் அதை இரண்டு முறை வாசித்து, மடித்து, அலுமாரிக்குள் வைத்தார். படலை வரை வந்து, "கடைசி பஸ் அஞ்சு மணிக்கு, பிந்திப்போடாதேங்கோ" என்றார்.

கட்டுரையின் முதல் வரைவில் மூன்றாவது பெயராக அவருடையதை எழுதினேன். பேராசிரியர் அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கட்டுரை வந்தது, நல்ல இடத்தில். மாணவியின் கட்டுரைக்கு மூன்று வாரம் முந்தி. கடைசியில் தொழினுட்ப உதவிக்கு நன்றி என்று ஒரு வரி இருக்கிறது. யாருக்கு என்று இல்லை.

அந்தக் கொப்பித்தாளை அக்கா ஒருவருக்கும் காட்டவில்லை. காட்டினால் இரண்டு பேர் தலைகுனிய வேண்டிவரும். காட்டுவார், காட்டுவார் என்று இத்தனை வருடமாகக் காத்திருக்கிறேன். போன மாதம் வேலணையில் அந்தப் பரிசோதனை நிலையத்தைக் கடந்து போனேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குனிந்து நுணுக்குக்காட்டியில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து நான் இறங்கவில்லை.

இதை எழுதும்போது அக்காவின் பெயரை இரண்டு இடத்தில் எழுதினேன். எழுதினால் பேராசிரியர் யாரென்று துறையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், நான் யாரென்றும் தெரிந்துவிடும். பேராசிரியர் வருகிற வருடம் ஓய்வு பெறுகிறார். அவருடைய இடத்துக்கு நான் விண்ணப்பித்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் பெயரை அழித்துவிட்டேன்.